ஒரு சர்க்கரைக்கு இரண்டு மாத்திரைப் பை

கேள்வி:

டாக்டர், எங்களுக்குத் தா.பழூர் ஒன்றியத்தில், கொள்ளிடக் கரையோரம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குகிறோம். இப்போது வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் பார்த்தால் 120, 125 இருக்கும். "கன்ட்ரோல்ல இருக்கு" என்று அதே மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

ஆறு மாதமாக அம்மாவுக்கு உள்ளங்கால் எரிச்சல். பெரியப்பா சொன்னார் என்று, கும்பகோணத்தில் சர்க்கரைக்கென்றே இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். மூன்று மாதச் சராசரி 9.2, சாப்பிட்ட பிறகு 286 என்று வந்தது. ஃபீஸ், டெஸ்ட், ஒரு மாத மாத்திரை எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய் ஆகிவிட்டது. "இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று அந்த டாக்டர் கேட்டதில் அம்மா அழுதுவிட்டார். இரண்டு பக்கத்து மாத்திரைகளின் பெயர்களையும் அட்டையைப் பார்த்து இதோடு எழுதியிருக்கிறேன். சும்மா கொடுப்பதை எதற்கு வீணாக்குவது என்று அம்மா இரண்டையும் சேர்த்தே போட்டுக்கொள்கிறார். போன வாரம் களையெடுக்கப் போன இடத்தில், பதினோரு மணி வாக்கில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்தோம்.

அரசாங்க வைத்தியம் தரமில்லையா? தனியாருக்கு மாதாமாதம் போக எங்களால் முடியாது. யாரை நம்புவது? அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் இன்சுலின்தான் என்கிறார் கும்பகோணத்து டாக்டர். ஊசி ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே? எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது.

— ஒரு மகள், தா.பழூர், அரியலூர் மாவட்டம்

பதில்:

தரத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த வயல் சம்பவம். பெரும்பாலும் அது வெயிலின் வேலையாக இருக்காது. சர்க்கரை தாழ்ந்துபோயிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரைகள் மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 2. கும்பகோணத்துச் சர்க்கரை மாத்திரைக்கு வேறு பெயர், வேறு நிறம், பளபளவென்று ஒரு அட்டை. அந்த அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது அதே கிளிமிபிரைடு 2, அதே மெட்ஃபார்மின். கூடவே வில்டாகிளிப்டின் என்று இன்னொன்று. ஆக, உங்கள் அம்மா தினமும் விழுங்குவது எந்த டாக்டரும் எழுதிக்கொடுக்காத ஓர் அளவு. கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சாப்பிட்டோமா, பட்டினியா, குனிந்து களையெடுக்கிறோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அளவு இரட்டிப்பு, காலையில் வயிற்றில் கொஞ்சம் நீராகாரம், அதற்கு மேல் வயல் வேலை என்றால் பதினோரு மணிக்கு நடுக்கம் வரத்தான் செய்யும்.

இன்று முதல் ஒரு பைதான். கும்பகோணத்துச் சீட்டில் உள்ளதை மட்டும் கொடுங்கள், 9.2 என்ற அளவைப் பார்த்த பிறகு எழுதப்பட்டது அதுதான். அதற்குப் பிறகும் நடுக்கம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டி அளவைக் குறைக்க வேண்டும். எப்படியானாலும் இந்த வாரத்துக்குள் இரண்டு பைகளையும் இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள். தனியாரிடம் போனதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம் ஊர்ப் பெண்கள் அங்கே மறைப்பார்கள்; அரசு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னால் இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று தனியாரிடம் மறைப்பார்கள். இப்படி இரண்டு பக்கமும் மறைத்து, இரட்டை மாத்திரையில் மயங்கி விழுந்தவர்களை ஆஸ்பத்திரியில் நிறையவே பார்க்கிறோம். டாக்டரைப் பார்க்கும்வரை அம்மாவின் முந்தானையில் ஒரு பொட்டலம் சர்க்கரை முடிந்திருக்கட்டும். நடுங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் ஒரு வேளைச் சாப்பாடு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, 125 உண்மையா, 9.2 உண்மையா என்ற குழப்பம். இரண்டும் உண்மைதான். 125 என்பது ரத்தம் எடுத்த அந்தக் காலை நேரத்துச் சர்க்கரை. ரத்தம் கொடுக்கப் போகிற நாளுக்கு முந்தைய இரவு யாரும் வயிறாரச் சாப்பிடுவதில்லை. மறந்த மாத்திரையும் அன்றைக்கு நினைவுக்கு வந்துவிடும். இது ஊருலகத்து வழக்கம், உங்கள் அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. 9.2 என்பது எச்பிஏ1சி என்று சீட்டில் எழுதுகிற பரிசோதனை. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லும். 9.2 என்றால் இரவும் பகலும் சேர்த்துச் சராசரி சுமார் 217. காலையில் 125-இல் தொடங்கி, மூன்று வேளையும் சோறு சாப்பிட்டபின் 286 வரை ஏறி இறங்குகிற ஒருவருக்கு இது பொருந்தாத எண் அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். நம் பெண்களுக்கு ரத்தசோகை அபூர்வமா என்ன? ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டிருக்கவே கூடாது. ஒன்பது வருடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்ட பெண்மணி அவர். அந்த ஒன்பது வருடத்தில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்க்கவும், எச்பிஏ1சிக்கு எழுதிக்கொடுக்கவும், செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்கவும் வேண்டியது மருத்துவத் துறை.

இனி உங்கள் பெரிய கேள்வி: அரசா, தனியாரா, எது தரம்?

தரம் என்றதும் கட்டடம், ஏசி, டாக்டர் பெயருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பட்டங்கள் இவைதான் கண்ணுக்குப் படும். சர்க்கரை வைத்தியத்தின் தரத்தைக் காட்டுபவை வேறு சில. எச்பிஏ1சி பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே இருக்கிறதா, ரத்த அழுத்தம் 130/80-க்குள் நிற்கிறதா, கெட்ட கொழுப்பு குறைந்திருக்கிறதா, கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் இறங்கும் ஆல்புமினையும் காலின் உணர்ச்சியையும் வருடம் ஒருமுறை பார்த்தார்களா என்பவை. இந்தக் கோலால் அளந்தால் நம் நாட்டில் எந்தப் பக்கமும் நெஞ்சை நிமிர்த்த முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய 'இந்தியாப்' ஆய்வில், தனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவு இது: சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 36.3 சதவீதம். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றுமே கட்டுக்குள் இருந்தவர்கள் 7.7 சதவீதம். நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. இதில் அரசு மாத்திரை சாப்பிட்டவரும் உண்டு, ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டியவரும் உண்டு.

தமிழ்நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2020-இல் மாநில அரசு நடத்திய 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களையும் சேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 10.8 பேர். அதன் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு மாத்திரை வருவது அந்தத் திட்டத்தில்தான். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் 10.8 என்பது 16.7 ஆனது. இதைக் கேலி செய்ய மாட்டேன். கூலி நாளை விட்டுவிட்டு மாத்திரைக்கு வரிசையில் நிற்க முடியாமல் பாதியில் கைவிட்ட எத்தனையோ பேருக்கு வீடு தேடி வரும் அந்த மருந்துப் பெட்டகம் பெரிய உதவி. ஆனால் பெட்டகம் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது ஒரு கணக்கு, போய்ச் சேர்ந்த வீட்டில் சர்க்கரை எத்தனை என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கைத்தான் மேடையில் சொல்வார்கள். வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுகிறது என்று வருடக்கணக்கில் டாக்டர் முகத்தையே பார்க்காமல் இருப்பவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் போலிருக்கிறது.

அரசு மாத்திரைக்கு வீரியம் இல்லை என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவானதிலிருந்து மருந்தை மொத்தமாக டெண்டரில் வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே கிடங்கிலிருந்து வெளியே விடுகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பின்பற்றிய முறை அது. உங்கள் அம்மாவின் சர்க்கரை ஏறியதற்கு மருந்தின் வீரியத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஒன்பது வருடமாக அளவு மாறாமல் இருந்ததுதான் காரணம். போன மாதம் கொடுத்ததையே இந்த மாதமும் கொடு என்று போகிற இந்தப் போக்கு உலகம் முழுக்க உள்ள வியாதிதான். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் சீட்டுப் பார்க்கிற இடத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும்.

தனியார் சிறப்பு மருத்துவமனைகளின் பலம் எது, நீங்கள் நாலாயிரம் கொடுத்து வாங்கியது எது என்றால், ஒரு மணி நேரக் கவனம். எச்பிஏ1சி பார்த்தார்கள், சாப்பிட்ட பின் பார்த்தார்கள், காலைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். அது வீண்செலவு இல்லை. அவர்களின் பலவீனம் அடுத்த மாதம் தெரியும். கையில் காசு இருக்கிற மாதம் வைத்தியம், இல்லாத மாதம் இல்லை. நடவுக் கூலி வந்தால் போவோம், வராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். வராத நோயாளியைத் தேடி அங்கிருந்து யாரும் கொள்ளிடம் தாண்டி வரப்போவதில்லை. அரசுப் பக்கம் மருந்து மாறவே மாறாது என்றால், இங்கே சில இடங்களில் போகும்போதெல்லாம் ஒன்று கூடும்; நரம்புக்கு ஒன்று, சத்துக்கு இரண்டு, ஜீரணத்துக்கு ஒன்று என்று பை கனத்துக்கொண்டே போகும். அம்மாவின் கும்பகோணத்துப் பட்டியலில் உள்ள ஏழு மாத்திரைகளில் மூன்றை நான் எழுதியிருக்க மாட்டேன். எவை என்று இங்கே சொல்லவில்லை, எழுதியவரையே "இது எதற்கு, எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வைத்தியசாலை இருக்கிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் சரியாக விழாதது: மருந்துக்கடை. பழைய சீட்டைக் காட்டியோ, காலி அட்டையைக் காட்டியோ வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். கால் எரிச்சலுக்கும் மூட்டு வலிக்கும் அங்கே கொடுக்கிற டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. நடவு, களை, அறுப்பு என்று முதுகு ஒடிய உழைக்கிற பெண்கள் இவற்றைத் தினமும் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். அம்மா போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள், இல்லையென்றால் 'இல்லை' என்றுதான் பதில் வரும்.

நல்ல சர்க்கரை வைத்தியத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியோ பெரிய நகரமோ வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவின் முதல் சர்க்கரை நோய்ப் பிரிவை 1948-இல் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கியதே சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில்தான். கிராமத்து உதாரணம் வேண்டுமென்றால் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு. 2006 முதல் சென்னை சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிலையம் அங்கே 42 கிராமங்களில் ஒரு வேலை செய்தது. கண் படம் எடுக்கிற கருவி, கால் பரிசோதனைக் கருவி எல்லாம் ஏற்றிய ஒரு வண்டி ஊர் ஊராகப் போனது. படம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னை டாக்டருக்குப் போனது. அந்தக் கிராமங்களில் இருந்த வயதுவந்தோர் 27,014 பேரில் 86 சதவீதத்துக்கு மேலானவர்களைப் பரிசோதித்தார்கள். உள்ளூரிலேயே சிறு மருத்துவமனை வைத்துத் தொடர்ந்து பார்த்ததில், ஒரே வருடத்தில் நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி 9.3-இலிருந்து 8.5-க்கு இறங்கியது. சென்னைக்கு அனுப்ப வேண்டிவந்தது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 8.5 என்பது இன்னும் நல்ல எண் அல்ல என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். ஆனால் இங்கிலாந்தில் இருபது வருடம் நடந்த ஓர் ஆய்வின்படி, எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைந்தாலே கண், சிறுநீரகம் போன்ற சிறுநாளப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைகின்றன. அந்த 0.8 புள்ளி சில கண்களையாவது காப்பாற்றியிருக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து சர்க்கரை மருத்துவமனைகளில் 1,146 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு, 2016-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கும் அதே டாக்டர்கள்தான், கூடுதலாக இரண்டே ஏற்பாடுகள். நோயாளியைப் பின்தொடர்ந்து விசாரிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர், அவர் டாக்டர் அல்ல. அத்தோடு, அளவு கூடியிருந்தால் "மருந்தை மாற்றலாமா?" என்று டாக்டருக்கு நினைவூட்டுகிற ஒரு கணினிப் பதிவேடு. சர்க்கரையும், கூடவே அழுத்தமோ கொழுப்போ இலக்கை எட்டியவர்கள் வழக்கமான வைத்தியத்தில் 8.1 சதவீதம், இந்த ஏற்பாட்டில் 18.2 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல். புது மருந்தோ பெரிய டாக்டரோ இதற்குத் தேவைப்படவில்லை. ஒருவர் தொடர்ந்து கவனித்தார், ஒரு பதிவேடு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தது.

உங்கள் வீட்டில் அந்த ஒருங்கிணைப்பாளர் நீங்கள்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, சர்க்கரை (வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பின்னா), அழுத்தம், எடை, எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டு கூட வர வேண்டும். மாத்திரையை நிறத்தால் அடையாளம் வைக்காதீர்கள். கம்பெனி மாறினால் வெள்ளை மஞ்சளாகிவிடும்.

மாத மாத்திரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டர் பார்வைக்கும் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். அடுத்த முறை வெறும் வயிற்றுச் சோதனையோடு திரும்பிவிடாமல், பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சி எல்லாச் சிறு நிலையங்களிலும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ அரியலூருக்கோ சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஆட்கள் எதற்கெடுத்தாலும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் ஓட வேண்டியதில்லை. மதனத்தூர்–நீலத்தநல்லூர் பாலம் தாண்டிக் கும்பகோணம் போவதுதான் உங்களுக்கு வசதி என்றால், அங்கேயும் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. மாவட்டம் வேறு என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வருடத்தில் ஒருநாளை ஒதுக்கி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு எல்லாவற்றையும் அங்கே முடித்துவிடுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், ஆகவே அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள்.

தனியாரை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. கையில் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை போய் ஒரு கருத்துக் கேளுங்கள், அதையும் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். விலை கூடிய மாத்திரை எழுதினால் அதன் மூலப்பெயரைக் கேளுங்கள். வில்டாகிளிப்டின் காப்புரிமை 2019 டிசம்பரிலும், சிட்டாகிளிப்டின் காப்புரிமை 2022 ஜூலையிலும் முடிந்து விலை நன்றாக இறங்கியாயிற்று. மாத்திரை ஒன்று அறுபது ரூபாய் வரை விற்ற எம்பாகிளிஃப்ளோசின், 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் சில கம்பெனிகளில் பத்து ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ மூலப்பெயரைச் சொல்லி விசாரித்துப் பாருங்கள்.

கால் எரிச்சல் ஒன்பது வருடச் சர்க்கரையில் நரம்பு பாதித்ததற்கு அடையாளமாக இருக்கலாம். ஆனால் பலரும் மறந்துவிடுகிற ஒன்று, மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும். அந்தக் குறையும் காலை எரிக்கும். பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், குறைந்திருந்தால் மலிவாகவே சரிசெய்யலாம். எரிகிற காலை வெந்நீரில் வைக்கவே கூடாது. உணர்ச்சி மங்கிய காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இரவில் படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் நீங்கள் ஒருமுறை பாருங்கள். வயலில் சேற்றில் இறங்கும்போது செருப்பு போட முடியாது, எனக்குத் தெரியும். வரப்பிலும் வாசலிலுமாவது போடட்டும். எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற அடிப்பாகம் உள்ளது கிடைக்கிறது, வார் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். புண் வந்துவிட்டால் மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்காமல் மறுநாளே ஆஸ்பத்திரி.

கடைசியாக இன்சுலின். ஊசி ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பது பாதிதான் உண்மை. நிறுத்த முடியாமல் போகிறவர்களுக்குக் காரணம் கணையம் ஓய்ந்துபோனது; ஊசி யாரையும் அடிமையாக்குவதில்லை. காய்ச்சல், அறுவை சிகிச்சை, மிகவும் ஏறிய சர்க்கரை ஆகியவற்றுக்காகச் சில மாதம் போட்டுவிட்டு மாத்திரைக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். உங்கள் அம்மா எடை குறைந்து, தாகமும் இரவில் பலமுறை சிறுநீருமாக அவதிப்படவில்லை என்றால், ஒரே சீட்டின் மாத்திரையை மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டுவிட்டு மறுபடி எச்பிஏ1சி பார்த்து முடிவெடுப்பதே முறை. தாழ்சர்க்கரை ஒருமுறை வந்திருப்பதால், அவசரப்பட்டு 6.5-க்குக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் விரட்ட வேண்டாம்; இப்போதைக்கு ஏழரை பக்கம் வந்தாலே நான் திருப்திப்படுவேன்.

அப்படியும் ஊசி தேவைப்பட்டால், ஃபிரிட்ஜ் இல்லாதது தடையே அல்ல. பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் ஒரு சின்னப் பானையை வைத்து, மூடி போட்ட டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டிலைப் போட்டு அதில் வையுங்கள். நிழலான மூலையில் வைத்து மணலை அவ்வப்போது நனைத்தால் உள்ளே வெளியைவிட நல்ல குளிர்ச்சி இருக்கும். தகரக்கூரைக்குக் கீழே அலமாரியின் மேல் தட்டு, டிவி மேல், அடுப்பங்கரை ஆகாது. அரசு பாட்டில் ஒன்றில் 400 யூனிட் இருக்கும். நாளைக்கு 20 யூனிட் என்றால் இருபது நாளில் தீர்ந்துவிடும். திறந்த பாட்டிலின் ஆயுள் நாலு வாரம், ஆகவே ஒவ்வொன்றாக வாங்கினால் போதும்.

அரசுக்கும் தனியாருக்கும் மாறிமாறிப் போகிறவர்கள் ஊசி விஷயத்தில் விழுகிற ஒரு குழி உண்டு. பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. பேனா ஊசிக்குள் வருவதும் சில விலை கூடிய பாட்டில்களும் மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், ஊசி கேட்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். மருந்துக்கடையில் சிரிஞ்சு வாங்கும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், அதில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள்.